கல்லோடு வந்தது யார்? சின்ன உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அடையாள வழிகாட்டி

"மக்கா, கல்லுக்க உள்ள இருந்து ஒரு பூரான் எட்டிப் பாக்குது, வந்து பாரு."

அம்மா கூப்பிட்டபோது ராத்திரி பதினொன்று இருக்கும். தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் நீளத்தில், இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் வெள்ளை ரோமத்தோடு ஒரு புழு கல் இடுக்கிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்து வெளியே போட்டுக் கொன்றேன். அதே கல்லின் மறுபக்கம் கண்ணாடி போன்ற ஒரு சின்னப் பூ விரிந்திருந்தது. அதன் அழகில் மயங்கி, தினமும் ஒரு துணுக்கு இறால் கொடுத்து வளர்த்தேன்.

இரண்டுமே தவறு. அந்தப் புழு மீன் தின்னாமல் விட்ட மிச்சத்தைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்த உயிர். கண்ணாடிப் பூ ஏய்ப்டேசியா என்ற அனிமோன், பூ மாதிரி விரிந்து கொட்டும் ஒரு கடல் விலங்கு. நாலு மாதத்தில் அறுபது லிட்டர் தொட்டியில் அதை எண்ணி முடிக்க முடியவில்லை. நல்லதைக் கொன்று கெட்டதை ஊட்டி வளர்த்த அந்த நாலு மாதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது நீரோடிப் பக்கம். அடுத்த ஊர் பொழியூர், அது கேரளம். இந்த எல்லைப் பகுதியில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மீனைத் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ வாங்குகிறோம். கல்லும் சிப்பி ஓடும் பெரும்பாலும் ஒருவர் தொட்டியிலிருந்து இன்னொருவர் தொட்டிக்குக் கைமாறுகிறது. அப்படி மாறும்போது கூடவே பத்திருபது உயிர்கள் கேட்காமல் வந்துவிடும்.

எதை எடுத்து வரலாம், எதைத் தொடவே கூடாது

முதலில் சட்டம். கல்பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. செத்த பவளக்கல்தானே, கரை ஒதுங்கியதுதானே என்று எடுத்து வராதீர்கள். பிடிபட்டால் வழக்கு, பிடிபடாவிட்டாலும் கடலுக்கு நஷ்டம். கடையில் கிடைக்கும் செயற்கைக் கல், பீங்கான் கல், நண்பரின் பழைய தொட்டியில் ஊறிய கல் ஆகியவை போதும்.

எங்கள் பக்கம் இன்னொரு வழியும் உண்டு. விழிஞ்ஞத்திலும் குளச்சலிலும் பாறையில் சிப்பி எடுக்கப் போகிறவர்கள் கொண்டுவரும் பழுப்புச் சிப்பிக் கொத்தில், தின்ன உதவாத பழைய ஓடுகளும் கலந்து வரும். அவற்றின் மேல் கொட்டலசு (பார்னக்கிள்), குழாய்ப்புழு, கடற்பஞ்சு, குட்டி நண்டு எல்லாம் அப்பியிருக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் உயிருள்ள சிப்பியைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் வையுங்கள். சின்னத் தொட்டியில் ஒரு சிப்பி செத்தாலும் அம்மோனியா ஏறி மீன் சாகும். கொட்டலசும் மிதவையுயிர்களை அரித்துத் தின்றே வாழ்வதால் நம் தொட்டியில் அதிக நாள் தாங்காது. ஓட்டில் அது நிறைய இருந்தால் அந்த ஓடு வேண்டாம்.

முதல் வேலை: தனிப் பாத்திரம்

வந்த கல்லை நேராகத் தொட்டியில் இறக்காதீர்கள். பத்துப் பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று, அதில் தொட்டி நீரின் உப்பளவிலேயே தண்ணீர், ஒரு காற்றுக்கல். உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 இருக்கட்டும். கடல்நீரையே பயன்படுத்துகிறவர்கள் இடவப்பாதி மழைக்காலத்தில் கவனமாக இருங்கள். தேங்காய்ப்பட்டணம் போன்ற ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்த தண்ணீரில் உப்பு குறைந்து கலங்கலும் கூடியிருக்கும்.

கல்லை முதலில் அந்தத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அலசிய நீரை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றிப் பாருங்கள். அடியில் நெளிவதும் துள்ளுவதும் வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். பாதி அடையாளம் இங்கேயே கிடைத்துவிடும். கல்லை வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் மீதி தானாக வெளியே வரும். வாளி நீரையும் வாரம் ஒருமுறை பாதி மாற்றுங்கள்.

இரவு நோட்டம்

பகலில் பார்த்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒட்டி வந்தவற்றில் பெரும்பாலானவை இரவில்தான் வெளியே வரும். விளக்கு அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். டார்ச் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். முதுகெலும்பில்லாத பல கடலுயிர்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, ஓடி ஒளியாமல் தம் வேலையைப் பார்க்கும்.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். பார்த்த நேரம், இடம், நீளம் (கண்ணாடியில் ஸ்கேலை ஒட்டி வைத்தால் சுலபம்), என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். போனில் படம் எடுக்கும்போது கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் உருவம் கோணும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரமாவது இப்படிப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் எதையும் கொல்ல வேண்டாம். இரண்டே விதிவிலக்கு: மீனின் உடம்பில் எதாவது ஒட்டியிருந்தாலும், கூம்புச் சங்கு இருந்தாலும். அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எப்படிப் பார்ப்பது

புதிதாக வருகிறவர்கள் நிறத்தைப் பார்த்துப் பெயர் தேடுகிறார்கள். நிறம் ஏமாற்றும், ஒரே இனமே இடத்துக்கு ஒரு நிறத்தில் இருக்கும். வடிவத்தையும் நடத்தையையும் பாருங்கள். ஒரு மெல்லிய குச்சியால் மெதுவாகத் தொட்டால் என்ன செய்கிறது என்பதே பல சமயம் முழு விடையையும் தந்துவிடும்.

தொட்டதும் சட்டென்று உள்ளே போகிறதா? அப்படியானால் நரம்பும் தசையும் உள்ள உயிர். கல்லில் வெள்ளையாக, மெத்தென்று ஒரு உருண்டை இருக்கிறது, கடற்பஞ்சா வேறெதுவுமா என்று குழம்பினால் இந்தச் சோதனை போதும். கடற்பஞ்சு கண்ணுக்குத் தெரியும்படி சுருங்காது. இரண்டு துளை வைத்து, தொட்டதும் இரண்டையும் மூடிக்கொண்டால் அது ட்யூனிகேட். இரண்டுமே நீரை வடிகட்டித் தின்பவை, விட்டுவிடலாம். இருட்டு மூலையில் அரை செண்டிமீட்டர் அன்னாசிப்பழம் போல, தலையில் குஞ்சத்தோடு தொங்கினால் அது சைகான் என்ற கடற்பஞ்சு. புதுத் தொட்டியில் நிறைய வந்து, பிறகு தானே குறைந்துவிடும்.

குழாய் கட்டியிருக்கிறதா? அப்படியானால் குழாயின் வாயைப் பாருங்கள். இறகு விசிறி போல விரிந்தால் விசிறிப் புழு. அது ஒரு வரம். கண்ணாடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளைச் சுருள் சுருளாக அப்பியிருந்தால் ஸ்பைரார்பிட், அதுவும் சாதுவான குழாய்ப்புழுதான். விசிறி எதுவும் இல்லாமல், கோணல்மாணலான கெட்டிக் குழாயிலிருந்து சிலந்தி நூல் மாதிரி சளி இழை நீண்டால், அது புழுவே இல்லை, வெர்மெட்டிட் என்ற நத்தை. அந்த இழை பக்கத்திலுள்ள சூஆந்திட், மஷ்ரூம் போன்ற பவளத்தின் உறவுகள் எல்லாவற்றையும் எரிச்சலூட்டும். குழாயின் வாயில் ஃபெவிக்விக் வகைப் பசையில் கெட்டியான ஜெல்லை ஒரு சொட்டு வைத்து அடைத்துவிடுங்கள்.

கல் இடுக்கிலிருந்து நூடுல்ஸ் மாதிரி நீளமான மெல்லிய இழைகள் மணலில் துழாவினால் அது டெரிபெல்லிட் புழு. உடம்பு வெளியே தெரியாது. தொட்டால் இழை சுருங்கும். இதுவும் சுத்தம் செய்கிற ஆள்.

இனி அம்மா பார்த்த பூரான். பக்கவாட்டில் ரோமக் கற்றைகளோடு, ஒரே பருமனில் இருப்பவை பெரும்பாலும் கழிவு தின்னும் ரோமப்புழுக்கள். கடற்கரைப் பாறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் யூரித்தோய் வகையின் ரோமம் கண்ணாடி நார் போலக் கையில் ஏறி எரியும். வெறும் கையால் தொடாதீர்கள். ஏறிவிட்டால் ஒட்டும் டேப்பை ஒட்டி இழுத்து எடுத்து, வினிகர் தடவுங்கள். அவை பெருகினால் நீங்கள் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தீனியைக் குறையுங்கள், புழுவும் குறையும். ஆனால் ரோமம் சின்னதாக, உடம்பு வானவில் போல மினுங்கி, தலையில் ஒன்றோ மூன்றோ ஐந்தோ உணர்கொம்பு தெரிந்தால் அது யூனிசிட். அந்தக் குடும்பத்தில் சில பெரிதாக வளர்ந்து மீனையே பிடிக்கும். ஐந்து கொம்பும் விரிந்த கத்தரித் தாடையும் பார்த்தால் கல்லோடு வெளியே எடுத்துவிடுங்கள். பாதியில் அறுத்தால் மிச்சம் உள்ளே இருந்துகொள்ளும்.

அடுத்து, துள்ளி ஓடும் சின்ன ஓட்டுப்பூச்சிகள். கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளிகள் விட்டு விட்டு நகர்ந்தால் கோபிபாட். மீனுக்கு நல்ல தீனி, கொண்டாடுங்கள். அதைவிடப் பெரியது என்றால் உடம்பு எந்தத் திசையில் தட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வைத்து நசுக்கியது மாதிரி, கூன் விழுந்த குட்டி இறால் போல, பக்கவாட்டில் சாய்ந்து ஓடினால் ஆம்ஃபிபாட். நல்லது. மேலிருந்து அமுக்கியது மாதிரி தட்டையாக இருந்தால் ஐசோபாட். ஐசோபாடில் மறுபடியும் இரண்டு விதம். தொட்டதும் பந்தாகச் சுருண்டுகொள்ளும், மெதுவாக ஊர்ந்து பாசி மேயும் வகையால் கெடுதல் இல்லை. பெரிய கறுத்த கண்ணோடு, அம்பு போல நேராக வேகமாக நீந்துவது சிரோலானிட். அது இரவில் மீனின் கன்னத்திலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு தின்னும். இந்த வேறுபாட்டை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், மீனின் உயிர் இதில் இருக்கிறது. மீனில் ஒட்டியிருந்தால் மீனை வலையில் எடுத்து, இடுக்கியால் பூச்சியைப் பிடுங்கி, மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தொட்டியில் இறால் துண்டு வைத்த பொறியை இரவில் இறக்கி, பிடிபடுவது நிற்கும் வரை மாதக்கணக்கில் மீன் இல்லாமல் விட வேண்டியிருக்கும்.

நத்தைக்கு ஒரு சுலபமான கணக்கு. ஓட்டின் வாய் வட்டமாக, முழுசாக இருந்தால் பெரும்பாலும் பாசி மேய்வது. வாயின் முன்முனையில் பள்ளமோ நீண்ட மூக்கோ இருந்து, அதன் வழியே ஒரு குழல் நீண்டால் பெரும்பாலும் வேட்டையாடுவது. சிப்பியையும் மற்ற நத்தைகளையும் தின்னும். முதுகில் எட்டுத் தகடுகளோடு கல்லில் அப்பியிருப்பது கைட்டன், பாசி தின்னி. உடம்பைவிடச் சின்ன, காது மாதிரி ஓட்டைச் சுமந்துகொண்டு வேகமாக ஊர்ந்து, பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டுப் போவது ஸ்டோமடெல்லா. எங்கள் வீட்டுத் தொட்டியில் எனக்குப் பிடித்த உயிர் அதுதான். கண்ணாடியில் பாசி படியவே விடாது.

கடல் நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாம்பு போல நெளியும் மெல்லிய கையோடு கல் இடுக்கில் இருக்கும் குட்டி பிரிட்டில் ஸ்டார் நல்லது. விரல் நகம் அளவில், கைகள் சமமில்லாமல், கண்ணாடியில் ஒட்டியிருப்பது ஆஸ்டெரினா. உடல் பிளந்தே பெருகும். பெரும்பாலும் பாசிதான் தின்னும், கூடினால் எடுத்துவிடுங்கள்.

செம்பழுப்பு நிறத்தில், மூன்று மில்லிமீட்டரில், பின்பக்கம் மூன்று வால் போல முடிகிற தட்டைப்புழு கண்ணாடியில் படிந்தால் உடனே மருந்து தேடி ஓடாதீர்கள். அவை கூட்டமாகச் செத்தால் வெளியேறும் நஞ்சு மீனைக் கொல்லும். மெல்லிய குழாய் போட்டு முடிந்தவரை உறிஞ்சி வெளியே எடுப்பதே முதல் வேலை.

கண்ணாடி அனிமோன்

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன். புதியவர்களின் தொட்டியை நான் பார்த்தவரை அதிகம் கெடுத்தது இதுதான்.

தண்டு நீளம். உடம்பு பழுப்பு கலந்த கண்ணாடி. இழைகள் மெலிந்து கூர்மையாக முடியும். தொட்டதும் மின்னல் வேகத்தில் ஓட்டைக்குள் போய்விடும். இழைகளின் நுனி குட்டையாகக் குமிழ் போல இருந்தால் அது மஜானோ என்ற வேறு அனிமோன், அதுவும் தொல்லைதான். இரண்டும் பக்கத்து உயிர்களைக் கொட்டும்.

பிளேடால் சுரண்டாதீர்கள். அடிப்பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் மிஞ்சினாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கும். நான் சுரண்டித்தான் ஒன்றை ஏழாக்கினேன். கல் சின்னது, அனிமோன் ஒன்றே ஒன்று என்றால் கல்லையே எடுத்துவிடுவது மிகச் சுலபம். அது முடியாதபோது சுண்ணாம்பு.

சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். எங்கள் பாட்டிமார் 'நூறு' என்று சொல்லும் வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் அதுதான், ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறு எதாவது கலந்திருக்கலாம், தொட்டிக்கு வேண்டாம். கொஞ்சம் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றுங்கள். மோட்டாரை நிறுத்துங்கள். அனிமோன் விரிந்திருக்கும்போது, அது தீனி என்று நினைக்கும்படி வாய் மேல் மெதுவாக விட்டு மூடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தை உறிஞ்சிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு கடுமையான காரம், சின்னத் தொட்டியில் பிஹெச் சட்டென்று ஏறிவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். ஒரு வாரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள், பக்கத்தில் குட்டி இருந்தால் மறுபடி செய்யுங்கள்.

சத்தம் போடுகிறவர்களும் கிள்ளுகிறவர்களும்

இரவில் தொட்டியிலிருந்து 'டக்' என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், கண்ணாடி விரிசல் விடவில்லை. ஒன்று பிஸ்டல் இறால், அல்லது மாண்டிஸ் இறால். ஒரு கொடுக்கு மட்டும் மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் பிஸ்டல். வளை தோண்டும், பெரிய கெடுதல் செய்யாது. கோபி மீனோடு கூட்டாக வாழும் இனங்களும் உண்டு. காம்பின் மேல் நின்று இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பும் கண்ணும், மார்போடு மடக்கி வைத்த முன்காலும் தெரிந்தால் மாண்டிஸ். நண்டும் நத்தையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அது இருக்கும் கல்லை வெளியே எடுத்து, ஓட்டையில் சோடாத் தண்ணீரைப் பீச்சுங்கள், வெளியே வந்துவிடும். விரலை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள், நகத்தையே பிளக்கும்.

நண்டில், கொடுக்கு நுனி கறுத்து உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கொடுக்கைத் தவிர மூன்று ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்து, வாயருகே விசிறி போல வீசித் தீனி அள்ளினால் போர்சலின் நண்டு, சாது. மற்ற நண்டுகளைப் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய பொறியில் பிடிக்கலாம்.

கையும் கண்ணும்

கூம்புச் சங்கு பற்றி முன்னே சொன்னேன். ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்தது மாதிரி வடிவம், நீளமான குறுகிய பிளவு போன்ற வாய், அழகான கோலம். நம் தென்கடற்கரையில் இவை சாதாரணமாக உண்டு. உள்ளே உயிர் இருந்தால் கையில் எடுக்கவே கூடாது. நஞ்சு ஏற்றிய ஈட்டிப் பல்லால் குத்தும், சில இனங்கள் மனிதரைக் கொன்றிருக்கின்றன, முறிமருந்து கிடையாது. நீண்ட இடுக்கியால் டப்பாவில் போட்டு மூடுங்கள். குத்துப்பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, இதைவிட அடிக்கடி நடப்பது: தேவையில்லாத உயிரைக் கொல்லக் கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவது. கல்லில் பேலித்தோவா, சூஆந்திட் வகைகள் இருந்தால் அவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். ஆவியோடு அது மூக்கிலும் கண்ணிலும் ஏறி, வீட்டிலுள்ள எல்லோரும் ஆஸ்பத்திரியில் படுத்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிக்க வைக்காதீர்கள், வெளியே எடுத்துத் தூரிகையால் தேய்க்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டியில் கை விடாதீர்கள்.

பாசிகள், சுருக்கமாக

முதல் வாரங்களில் பழுப்புத் தூள் படிந்தால் டயாட்டம், தானே போகும். சிவப்புப் படலம் தோல் மாதிரி உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா. பச்சைக் கண்ணாடிக் குண்டு போல இருப்பது வலோனியா, உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுங்கள். திராட்சைக் குலை போலவோ இறகு போலவோ தண்டில் ஓடும் காலர்ப்பா பார்க்க அழகு. ஆனால் சில சமயம் ஒரே இரவில் வெளுத்து, உள்ளிருப்பதைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கிவிடும். சின்னத் தொட்டியில் நான் வைப்பதில்லை.

நேரில் பார்த்துப் பழக

படத்தில் மட்டும் பார்த்துப் பழகினால் அளவும் அசைவும் பிடிபடாது. விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தோடு சாகரிகா என்ற மீன்காட்சியகம் இருக்கிறது. மீனைப் பார்த்து முடித்த பிறகு, தொட்டிகளின் கல்லையும் கண்ணாடி ஓரத்தையும் பத்து நிமிடம் பாருங்கள். அனிமோன் எப்படிச் சுருங்குகிறது, நண்டு எப்படித் தின்னுகிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும். கடலிலோ பாறைக் குட்டையிலோ தண்ணீர் வற்றும் நேரத்தில் குந்தியிருந்து பார்ப்பதும் அதே அளவு பயன் தரும், எதையும் எடுக்காமல்.

வெளியே எடுத்ததை என்ன செய்வது

கடலிலோ ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயிலோ விடாதீர்கள். உங்கள் தொட்டியில் வேறு கடலின் மீனும் கல்லும் கலந்திருக்கும், எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல உயிர் என்றால் இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள். வேண்டாததைக் கொஞ்சம் நீரோடு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டு, தென்னை மூட்டில் புதைக்கலாம். அனிமோன் அப்பிய கல்லை மொட்டை மாடியில் இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, நல்ல தண்ணீரில் நாற்றம் போகும்வரை ஊறவைத்துக் கழுவினால் மறுபடி பயன்படுத்தலாம். மழைக்காலம் என்றால் நாலு வாரம் விடுங்கள்.